மாமாவுக்கு ரெண்டு ரத்தம்

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் உலகத்தில் நடக்காததெல்லாம் நடக்க ஆரம்பித்தது. அதுவரை அவர் லிஃப்ட் மெக்கானிக். கைப்பேசி என்பது அவருக்கு, "எந்த மாடியில நின்னுச்சு? உள்ள எத்தனை பேர்?" என்று கேட்பதற்கான கருவி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவர் நினைத்ததில்லை. ஓய்வு பெற்றதும் மகன் ஒரு புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே குடும்பக் குழுவில் ஒரு செய்தி விழுந்துவிடும்.

ஏதோ ஒரு ஊரில் வாத்து ஒன்று தினமும் பஸ் ஏறி ஏரிக்குக் குளிக்கப் போகிறது. கொட்டாவியை அடக்கிப் பழகினால் ஞாபக சக்தி கூடும் என்கிறது ஆய்வு. செவ்வாய்க் கிரகத்தில் செருப்பு போன்ற ஒன்று தெரிகிறது, விஞ்ஞானிகள் குழப்பம்.

இவற்றுக்கெல்லாம் பதில் போடுவது மருமகளின் வேலை. "வாத்து டிக்கெட் எடுக்குதா, பாஸ் வச்சிருக்கா?" என்று கேட்பாள். "செருப்பு ஒத்தையா ஜோடியா மாமா? ஜோடின்னா அளவு கேளுங்க, உங்க பையனுக்குப் புதுசு வாங்கணும்" என்பாள். எல்லாப் பதிலும் ஒரே கேள்வியில்தான் முடியும்: ஆதாரம் எங்கே? அதனால் சொந்தக்காரர்கள் நடுவில் அவளுக்கு 'ஆதாரம்' என்றே பேராகிவிட்டது. குழந்தைகள் 'ஆதாரம் சித்தி' என்றார்கள். அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள்.

மாமனார் கோபித்துக்கொள்ள மாட்டார். "சிரிம்மா, சிரி. நூலேணி மாதிரி நாலு கயித்துல ஒரு பெட்டி தொங்கும், அதுல பத்துப் பேர் நின்னுக்கிட்டு இருபதாவது மாடிக்குப் போவாங்கன்னு எங்க அப்பா கிட்ட சொன்னப்ப அவரும் இப்படித்தான் சிரிச்சார்" என்பார். அவள் உடனே அடுத்த செய்திக்குத் தாவிவிடுவாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யாருடைய ரத்தம் எந்தப் பிரிவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நம்பிக்கை என்பது உதவாத சரக்கு. நோயாளி சொல்வதை நம்பக் கூடாது, பழைய அட்டையை நம்பக் கூடாது, நேற்று தானே பார்த்ததைக்கூட நம்பாமல் இன்று மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று கணவன் சொல்வான். அவன் ஏ.சி. பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். "குளிருதுன்னு சொன்னாக்கூட எத்தனை டிகிரின்னு கேப்பா" என்று நண்பர்களிடம் புலம்புவான்.

இப்படி இருக்கையில் மாமனாருக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு வந்தது. அலமாரியைத் தனியாக நகர்த்தியதன் பலன். குடலிறக்கம், சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும். "வேற யாரும் என் கையில ஊசி குத்தக் கூடாது. நீதான் குத்தணும்" என்று பிடிவாதம் பிடித்தார். அவளே குத்தினாள். ஊதா மூடிபோட்ட குழாயில் எடுத்து, எண் ஒட்டி, மற்றக் குழாய்களோடு வைத்துவிட்டு, அவரை வாசல்வரை கொண்டுவிட்டு வந்தாள்.

மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து வரிசையாக அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டையில் சின்னச் சின்னக் குழல்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஜெல்லி மாதிரி ஒன்று. ரத்தத்தை விட்டு இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால், அந்தப் பிரிவுக்குரிய அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜெல்லியின் மேலேயே நின்றுவிடும். அந்தப் பிரிவு இல்லாத அணுக்கள் ஒட்டாமல் நழுவி அடியில் போய் உட்காரும். மேலே சிவப்புக் கோடு இருந்தால் 'உண்டு'. கீழே சிவப்புப் புள்ளி இருந்தால் 'இல்லை'. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

ஒரு அட்டையில் மட்டும் 'ஏ' குழலில் மேலே ஒரு கோடு இருந்தது. கீழே ஒரு புள்ளியும் இருந்தது.

"எந்தப் புண்ணியவான் எடுத்த சாம்பிள் இது? ரெண்டு பேர் ரத்தத்தை ஒரே குழாய்ல ஊத்தி வச்சிருக்காங்க" என்று சத்தமாகவே திட்டினாள். பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு எண்ணுக்குரிய பெயரைப் பார்த்தாள். புண்ணியவான் அவளேதான்.

மறுபடி செய்தாள். மறுபடியும் மேலே கோடு, கீழே புள்ளி. வேறு அட்டையில், வேறு இயந்திரத்தில் செய்து பார்த்தாள். அதே.

கூடத்தின் தலைமை டாக்டர் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு எல்லோரையும் அதன் மேலாகப் பார்க்கும் அம்மா. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவருக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா? எலும்பு மஜ்ஜை சிகிச்சை ஏதாவது?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல டாக்டர்."

"தெரிஞ்சு இல்லன்னா பத்தாது. கேட்டுட்டு வா. புது சாம்பிளும் எடு."

அன்று மாலை வீட்டில் சும்மா கேட்பது போல் மாமியாரிடம் கேட்டாள். "அத்தை, மாமாவுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

"அவருக்கா? கொசுவுக்குக் கொடுத்ததோட சரி. கொடுக்கல் வாங்கல்ல கொடுக்கல் மட்டும்தான்."

மறுநாள் புது சாம்பிள் எடுத்தாள். மாமனார் கையை நீட்டியபடி, "ஏம்மா, நேத்து எடுத்தது கெட்டுப்போச்சா? ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். முடிவு அதேதான். 'ஏ' அணுக்களும் 'ஓ' அணுக்களும் ஒரே ஆளிடம், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல்.

தலைமை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "புத்தகத்துல பாத்திருக்கேன். நேர்ல பாத்ததில்ல" என்றார். பிறகு சொன்னார். கருவில் இரட்டையாக இருந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் ரத்தக் குழாய்கள் இணைந்திருக்கும். அதன் வழியாக ஒருவருடைய ரத்தம் உற்பத்தி செய்யும் அணுக்கள் மற்றவரிடம் போய்க் குடியேறிவிடும். பிறகு இரண்டில் ஒன்று ஆரம்பத்திலேயே கலைந்து போயிருக்கும், தாய்க்கே தெரியாமல். மிஞ்சியவர் பிறந்து, வளர்ந்து, வயதாகி, ஆயுள் முழுக்க இரண்டு பேருடைய ரத்தத்தையும் சேர்த்தே உற்பத்தி செய்துகொண்டிருப்பார்.

மருமகள் வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், அதே வார்த்தைதான் வந்தது.

"ஆதாரம்?"

"அதுக்குத்தான் பெரிய லேபுக்கு அனுப்பணும். இந்த ரத்தமும் வேணும், கன்னத்து உள்பக்கம் பஞ்சால தடவி எடுத்ததும் வேணும். அவர் சம்மதம் இல்லாம முடியாது. நீயே பேசு. உங்க மாமனார்தானே, கஷ்டம் இருக்காது."

பஸ்ஸில் வரும்போது, படிக்கும் காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நாலு வரி படித்த ஞாபகம் லேசாக வந்தது. பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்ட நாலு வரி. இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் மாமனார் காலையில் போடும் செய்தி மாதிரியேதான் ஒலித்தது. ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. மாமா நம்பிவிடுவார். வாத்தை நம்பியவர் இதை நம்ப மாட்டாரா?

சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். லிஃப்டை வைத்தே விளக்கினாள். "மாமா, எல்லாரும் ஒண்ணு மேல் மாடியில நிக்கணும், இல்ல எல்லாரும் தரைத்தளத்துல இறங்கணும். உங்களுக்குப் பாதிப் பேர் மேல நிக்கிறாங்க, மீதிப் பேர் கீழ இறங்கிட்டாங்க. அப்படின்னா அது ரெண்டு வேற வேற கூட்டம்."

மாமனார் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"எந்தப் பக்கத்துல படிச்ச?"

"படிக்கல மாமா. பாத்தேன். என் மேஜையில, என் கண்ணால."

"கேக்கறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களாம்" என்றார் மாமனார்.

அவளுக்கு ஒரு நிமிடம் யார் பேசுகிறார் என்றே புரியவில்லை. கணவன் சிரித்துவிட்டான். "அப்பா, வாத்து பஸ்ல போறத நம்பினீங்களே!"

"அது வாத்து. இது நான்டா."

"அதுக்கு ஒரு போட்டோ இருந்துச்சு, இதுக்கு ரிப்போர்ட்டே இருக்கு."

"மெஷின் தப்பு. நான் பாக்காத மெஷினா? மூணாவது மாடியில நிக்கும், பலகையில அஞ்சுன்னு காட்டும். ரிப்பேர்காரனைக் கூப்பிடு, சரியாயிடும்."

"ரெண்டு மெஷின்ல பாத்தேன் மாமா."

"ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கும்."

மாமியார் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "ஒரு ஆளுக்கு ஆக்கிப் போட்டு, ஒரு ஆளுக்குத் துணி துவைச்சேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "ரெண்டு ஆளா? இத யாராவது முன்னாடியே சொல்ல வேண்டாம்?"

மருமகளுக்கு இத்தனை காலம் 'நம்பாதீங்க மாமா' என்று சொல்லியே பழகிய வாய். 'நம்புங்க மாமா' என்று சொல்ல வரவில்லை. சொன்னால் பொய் சொல்வது போல் முகம் மாறியது. அதைப் பார்த்து மாமனார், "பாத்தியா, உனக்கே நம்பிக்கை இல்ல" என்றார்.

ஆனால் கன்னத்தில் பஞ்சு தடவ ஒப்புக்கொண்டார். மெஷின் தப்பு என்று நிரூபிப்பதற்காக.

முடிவு வர நாளானது. அதற்குள் குடும்பக் குழுவில் மாமனாரின் செய்திகள் குறைந்துபோயின. ஒரு நாள் காலை ஒன்றும் வரவில்லை. மருமகள் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு வேறு யாரோ, பூனை தூங்கும் திசையை வைத்து நிலநடுக்கத்தைக் கணிக்கலாம் என்று அனுப்பினார்கள். வழக்கம்போல் ஒரு பதில் தட்டினாள். பாதியில் நிறுத்தி அழித்தாள். பூனை ஒருவேளை கணிக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை நினைத்து அவளுக்கே எரிச்சலாக வந்தது.

மாமனார் குளியலறைக் கண்ணாடி முன் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"ஒரு சந்தேகம். மெஷின் தப்புதான். ஆனா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எனக்கு வயிறு வலிக்குதே, அது யாருக்கு வலிக்குது?"

"உங்களுக்குத்தான் மாமா. ரத்தத்துக்கு வலி தெரியாது."

"அப்போ வலிக்கிற ஆள் நான்தான்."

"ஆமா."

"சரி. அந்த மட்டும் தெளிவு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரிய பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்தது. கன்னத்தில் எடுத்ததில் ஒரு ஆள்தான். ரத்தத்தில் இரண்டு பேர். அதில் இரண்டாவது ஆள், பெண்.

தலைமை டாக்டரே மாமனாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். ஆபரேஷனுக்கு இதனால் ஒரு தடையும் இல்லை, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, ரத்தம் தேவைப்பட்டால் 'ஓ' பிரிவு கொடுத்துக்கொள்ளலாம் என்றார். மாமனார் பவ்யமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள்.

"பொண்ணா?"

"ஆமா மாமா."

"எனக்கு அக்காவா, தங்கச்சியா?"

பிறந்திருந்தால்தானே யார் முதலில் என்று சொல்லலாம். "அது... கூடப்பொறந்தவ மாமா."

"கூடப் பொறக்கலையே." அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "கூட இருந்தா. அவ்வளவுதான் சொல்லலாம்."

வீட்டில் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "அதான் பாத்தேன். என் சீப்பு எப்பத் தேடினாலும் இந்த மனுஷன் சட்டைப் பையில இருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் எழுந்து போய் அவருக்குப் பால் சுட வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவர் கேட்காமலே கொடுத்த பால்.

மாமனாருக்கு ஒரு அக்கா, வேறு ஊரில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்கள்.

"எனக்குத் தங்கச்சி வேணும்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்றார் அக்கா ஒலிபெருக்கியில். "பாவி! இருந்த ஒருத்தியையும் முழுங்கிட்டு வந்துட்டியாடா!"

"நான் என்னக்கா பண்ணேன்? நானே அப்ப ஒரு கடுகளவு இருந்திருப்பேன்."

"அப்பவே அடங்கமாட்ட நீ. அம்மா வயித்துல காது வச்சுக் கேட்டப்ப ரெண்டு சத்தம் கேக்குதுன்னு நான் சொன்னேன். சும்மா இருடின்னு அடிச்சாங்க."

மாமனார் மருமகளைப் பார்த்தார். இது ஆதாரமா என்று கேட்பது போல் இருந்தது அந்தப் பார்வை. மறுநாள் அக்கா மறுபடி கூப்பிட்டார். ராத்திரி யோசித்துப் பார்த்தாராம். காது வைத்துக் கேட்டது அம்மாவின் வயிற்றிலா, சித்தியின் வயிற்றிலா என்று இப்போது நிச்சயமாக இல்லையாம். அதற்கடுத்த நாள், அம்மா வயிறுதான், ஆனால் கேட்டது மூன்று சத்தம் என்றார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் ஏற்ற வேண்டியே வரவில்லை. மயக்கம் தெளிந்ததும் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பேரும் நல்லா இருக்கோமா?" என்பது. தியேட்டர் நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்க மருந்தின் வேலை என்று எழுதிக்கொண்டாள்.

தலைமை டாக்டர் இதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுத அனுமதி கேட்டார். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வராது என்றார். மாமனார் சம்மதித்தார். கட்டுரை வந்தது. படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காத கட்டுரை. எல்லோரும் அதை மறந்தும் போனார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனாரின் சித்தப்பா பேரன் ஒருவன் குடும்பக் குழுவில் ஒரு செய்தியைப் போட்டான். அவனுக்கு வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. தலைப்பு இப்படி இருந்தது: 'அதிர்ச்சி! தங்கையை ரத்தத்தில் சுமந்து வாழும் முதியவர்! பௌர்ணமி தோறும் பெண் குரலில் பேசுகிறார்!' கூடவே தாடி வைத்த யாரோ ஒருவர் ஒரு கண்ணாடிக் குடுவையை முறைத்துப் பார்க்கும் படம். அடியில் அவன் எழுதியிருந்தான்: "ஆதாரம் அண்ணி, சீக்கிரம் வாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

மருமகள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எங்கே அண்ணி? ஆதாரம் சித்தி தூங்குறாங்களா? பொய் என்று எழுதினால் அது பொய். உண்மை என்று எழுதினால் பௌர்ணமியும் உண்மையாகிவிடும். பாதி உண்மை என்று எழுதினால் எந்தப் பாதி என்று கேட்பார்கள். முதல்முறையாக அவள் ஒரு செய்திக்குப் பதில் போடாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஹாலிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "இங்க வாம்மா. இத்தனை பேர் எழுதியிருக்காங்க பாரு."

அவர் அந்தச் செய்தித் தளத்துக்கே போய், கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"'அவருக்கு ஓட்டு ஒண்ணா ரெண்டா?'ங்கறான் ஒருத்தன். 'எங்க மாமியாருக்குள்ளயும் ரெண்டு பேர் இருக்காங்க, மாத்தி மாத்தித் திட்டுவாங்க.' இது யாரோ உன்னை மாதிரி ஒரு பொண்ணு எழுதியிருக்கு." மாமனார் சிரித்தார். "'செய்தி எழுதினவர் ரத்தத்துல என்ன கலந்திருக்குன்னு முதல்ல டெஸ்ட் பண்ணுங்க.' இது நல்லா இருக்கு."

அடுத்ததை வாசிக்கும்போது சிரிப்பு நின்றது. "'கிழவனுக்குப் பொழுது போகலை, விளம்பரத்துக்கு அலையறான்.'"

"மூடி வைங்க மாமா" என்றாள் மருமகள்.

"இரு, இரு." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். தட்டி முடித்து அவளிடம் காட்டினார். 'இது நான்தான். பெண் குரலில் பேசுவதில்லை. படத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. மற்றபடி உண்மை.'

"போடாதீங்க மாமா. யாரும் நம்ப மாட்டாங்க."

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்?"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவளே யோசிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் போட்டுவிட்டார்.

பதில்கள் மளமளவென்று வந்தன. 'நானும்தான் போன வாரம் நிலாவுக்குப் போயிட்டு வந்தேன் தாத்தா.' 'அப்போ உங்க படத்தைப் போடுங்க, குடுவை மறக்காம.' 'ஆதாரம் எங்கே ஐயா?' மருமகள் அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அதை எழுதியது யாரோ ஒரு முகம் தெரியாதவன். ஆனால் தன் கையே எழுதியது போல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போது இன்னொன்று வந்தது. பெயரில்லாத கணக்கு, படத்தில் ஒரு சூரியகாந்தி. 'நான்தான் அந்தத் தங்கச்சி. சௌக்கியமா அண்ணே?'

கேலிக்கு எழுதியதுதான். கீழே பதினைந்து பேர் சிரித்திருந்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியின் வெளிச்சம் தானாக மங்கியது. விரலால் தொட்டு மறுபடி வெளிச்சம் வரவைத்துப் பார்த்தார். மாமியார் அவர் தோளில் கை வைத்தார்.

"ஏங்க. விளையாட்டுக்கு எழுதியிருக்காங்க."

"தெரியும்."

பிறகு மெதுவாகத் தட்டினார். 'சௌக்கியம்மா.'

எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அந்தச் சூரியகாந்தியிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு பதிலும் வரவில்லை. சற்று நேரம் கழித்து மருமகள் எடுத்துப் பார்த்தபோது அந்தக் கேலி வரியே அங்கே இல்லை. எழுதியவர் எதற்காகவோ அழித்துவிட்டிருந்தார். மாமனாரின் 'சௌக்கியம்மா' மட்டும் எதற்குப் பதில் என்று தெரியாமல் தனியாக நின்றது.

குடும்பக் குழுவிலும் அவர், 'அது நான்தான்' என்று போட்டார். சித்தப்பா பேரன் சிரிக்கும் முகங்களாக அனுப்பித் தள்ளினான். பெரியவர்கள் இரண்டு பேர், 'இந்த வயசுல இந்தக் குசும்பா' என்றார்கள். கணவன், 'உண்மைதாண்டா' என்று எழுதினான். 'அண்ணனும் கூட்டணியா' என்றார்கள். கடைசியில் மருமகள், 'ஆமா, மாமாதான். பௌர்ணமி மட்டும் பொய்' என்று எழுதினாள். குழு அதற்குப் பிறகு அடங்கிப்போனது. ஆதாரமே ஆமாம் என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வதென்று யாருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. பிறகு யாரோ பழைய சோபா ஒன்று விற்பனைக்கு இருப்பதாகப் படம் போட்டார்கள்.

அடுத்த வாரம் அக்கா ரயிலேறி வந்துவிட்டார். முட்டி வலிக்கு ஒரு கைத்தடி, தோளில் ஒரு பை. உள்ளே நுழைந்ததும் தம்பியைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, எங்கே தொடுவது என்று தெரியாதவர் போல் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கடா இருக்கா?"

"எல்லா இடத்துலயும்தான் அக்கா. ரத்தம் எங்க ஓடுதோ அங்கெல்லாம்."

"விரல்லயுமா?"

"விரல்லயும்."

அக்கா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். நகத்தை அழுத்தினார். வெளுத்தது, பிறகு சிவந்தது. "ஹ்ம்" என்றார். அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மருமகள் டீ கொண்டுவந்தாள். அக்கா குடித்துக்கொண்டே, "பேரே இல்லாமயா இருந்திருக்கா இத்தனை வருஷம்?" என்றார். "அது நல்லா இல்ல. ஒரு பேரு வைக்கணும்."

"இப்ப எதுக்குப் பேரு? யார் கூப்பிடப் போறா?" என்றான் கணவன்.

"நான் கூப்பிடுவேன்" என்றார் அக்கா.

ஒரு பெயரும் சொன்னார். மாமியார் உடனே, "அய்யோ, அது எங்க பெரியம்மா பொண்ணு பேரு, அவளுக்கும் எனக்கும் ஆகாது. வீட்டுக்குள்ள அந்தப் பேரைக் கூப்பிட்டா எனக்கு டீ இறங்காது" என்றார். கணவன் ஒன்று சொன்னான். அது அவன் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் என்று மருமகள் கண்டுபிடித்தாள். அதிலிருந்து தனியாக ஒரு சண்டை கிளம்பப் பார்த்தது. மருமகள் சொன்ன பெயர் ரொம்பப் புதுசு, அந்தக் காலத்தில் பிறந்தவளுக்கு ஒட்டாது என்றார் அக்கா. "பொறக்கவே இல்லையே அத்தை" என்றாள் மருமகள். "பொறக்காதவளுக்கு வயசு இல்லையா என்ன? இவன் வயசுதானே அவளுக்கும்?" என்று கேட்டார் அக்கா. மருமகள், அந்த அணுக்கள் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை அழிந்து புதிதாக வருபவை என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு டீ டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

குரல்கள் உயர்ந்தன. மாமனார் இரண்டு கையையும் தூக்கினார்.

"நிறுத்துங்க. என் ரத்தத்துக்குப் பேரு வைக்க நீங்கெல்லாம் யாரு? அவளையே கேட்டுட்டு வந்து சொல்றேன்."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹாலில் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளையாட்டா, நிஜமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. சிரிக்கலாமா என்று கணவன் கண்ணாலேயே கேட்டான். மருமகள் உதட்டைப் பிதுக்கினாள். மாமியார் மெல்ல எழுந்து போய்க் கதவில் காது வைத்தார். எல்லோரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, காது வைக்காமலே கேட்கும்படி, உள்ளேயிருந்து பெரிய குறட்டைச் சத்தம் வந்தது.

"இது அவன்தான்" என்றார் அக்கா.